ஈரத்தில் தெரியும் ரேகை

1966இல் அமெரிக்க மரைன் படை, வியட்நாமில் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்கென்று ரெமிங்டன் 700 ரைஃபிளைத் தேர்ந்தெடுத்து அதற்கு எம்40 என்று பெயரிட்டது. எஃகுக் குழல், அதன் மேல் தொலைநோக்கி, அடியில் வால்நட் மரக்கட்டை. அந்த நாட்டின் ஈரக் காற்றையும் மழையையும் மரம் தாங்கவில்லை. ஈரத்தைக் குடித்து ஊதியது, லேசாக முறுக்கிக்கொண்டது, குழலைப் பக்கவாட்டில் அழுத்தத் தொடங்கியது. குழலின் மேல் கட்டை காட்டும் அழுத்தம் கொஞ்சம் மாறினாலே போதும், சில நூறு மீட்டர் தள்ளிக் குண்டு வேறிடத்தில் போய்ப் பாயும். 1970களில் வந்த எம்40ஏ1 ரைஃபிளில் மரம் இல்லை. மெக்மில்லன் செய்து கொடுத்த ஃபைபர் கிளாஸ் கட்டை இருந்தது. படையின் பொது ரைஃபிளான எம்14க்கும் இதே கதைதான். முதலில் வால்நட், பிறகு பிர்ச், கடைசியில் ஃபைபர் கிளாஸ்.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்று கடைக்குப் போய் ரைஃபிள் வாங்கும் ஒருவர் மரக்கட்டைதான் வேண்டும் என்று கேட்க நடைமுறைக் காரணம் எதுவும் மிச்சமில்லை. செயற்கைக் கட்டை பெரும்பாலும் விலை குறைவு, மழையில் அளவு மாறாது, பாறையில் உரசினாலும் மனம் பதறாது. இருந்தும், நல்ல ரேகை ஓடிய ஒரு துருக்கி வால்நட் பலகைக்கு, இன்னும் உளியே படாத வெறும் பலகைக்கு, ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. பலகையின் விலை அதில் ஏறப்போகும் துப்பாக்கியின் விலையைத் தாண்டுவதும் உண்டு.

பகட்டு என்று ஒரு சொல்லில் இதைக் கடந்துவிடலாம். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. நான் வேட்டைக்காரன் இல்லை, துப்பாக்கி வைத்திருந்ததும் இல்லை. தச்சுப் பட்டறையில் வளர்ந்தவன் என்ற அளவில்தான் இந்தப் பொருள் என்னைப் பிடித்துக்கொண்டது. பார்க்கப் பார்க்க எனக்குப் புலப்பட்டது இது: மரத்தில் எந்த இடம் மிக அழகோ, அந்த இடமே பெரும்பாலும் வலுக் குறைந்த இடம். அழகையும் வலுவையும் ஒரே பலகைக்குள் இடம் பிரித்து அமர்த்த வேண்டியது கட்டை செதுக்குபவரின் வேலை. நல்ல கட்டையைப் பார்த்ததும் நாம் நின்றுவிடுவதற்குக் காரணம், அந்தக் கடினமான கணக்கை யாரோ போட்டு முடித்திருப்பது கண்ணுக்குத் தெரிவதுதான்.

கட்டையின் வேலை எளிமையானதில்லை. வெடிக்கும்போது குழல் பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதை முழுவதும் மரத்தில் குடைந்த சிறு குழியின் சுவரில் இறங்கி, கழுத்து வழியாகத் தோளுக்கு வருகிறது. கழுத்து என்பது விசைக்குப் பின்னால் கை சுற்றிப் பிடிக்கும் ஒடுங்கிய இடம். கட்டை பிளந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். ஆகவே மரம் வலுவாக இருக்க வேண்டும், கனமாக இருக்கக் கூடாது, அதிர்ச்சியில் விரிசல் விடக் கூடாது, கூரிய விளிம்பு சிதறாமல் உளிக்கு இணங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஈரத்துக்கு ஊதியும் வெயிலுக்குச் சுருங்கியும் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும்.

வால்நட், அதாவது நம் கடைகளில் அக்ரூட் என்று விற்கும் பருப்பைத் தரும் மரம், இந்த எல்லாத் தேவைக்கும் நடுவில் வந்து நிற்கிறது. உலர்ந்த மரத்தின் எடை கன மீட்டருக்கு 600 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். பச்சை மரம் முழுதாக உலரும்போது அமெரிக்கக் கறுப்பு வால்நட் ஆரத் திசையில் சுமார் 5.5 சதவீதமும், வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 7.8 சதவீதமும் சுருங்குகிறது. அமெரிக்க பீச் மரத்தில் இதே இரு எண்களும் 5.5, 11.9. இரு திசைச் சுருக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் பலகையை வளைக்கிறது. பீச் ஏன் வளைகிறது, வால்நட் ஏன் அடங்கிக் கிடக்கிறது என்பதற்கு இதுவே பெரும் பகுதி விடை.

தேக்கைப் பழகிய நமக்கு உடனே ஒரு கேள்வி எழும். தேக்கு இதைவிடவும் குறைவாகச் சுருங்குமே? சுருங்கும். ஆனால் தேக்கின் திசுவுக்குள் சிலிக்கா படிந்திருக்கிறது; உளியின் முனையை அது சீக்கிரம் மழுக்கிவிடும். மரத்திலேயே ஊறிய எண்ணெய், பசையையும் மேற்பூச்சையும் சரியாக ஒட்ட விடாது. கதவுக்கும் கப்பலுக்கும் பிறந்த மரம் அது. ஓர் எஃகுப் பாகத்தை மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வைக்கும் நுண்ணிய குடைவுக்கு வால்நட் போல அது இசைந்து வராது.

இதுவரை சொன்னது நேர் இழை ஓடும் சாதாரண வால்நட்டைப் பற்றி. மனிதர் ஆசைப்படுவது அந்த மரத்துக்கு இல்லை. ரேகைக்குத்தான் ஆசை, ரேகை பிறப்பதோ மரம் நேராக வளர முடியாமல் போன இடத்தில். இரண்டு பெருங்கிளை பிரியும் கவையில் நார்கள் ஒன்றையொன்று நெருக்கி மடிகின்றன. அந்த இடத்தை நடுவே அறுத்தால் மயிலிறகு விரிந்த மாதிரி ஒரு வடிவம் கிடைக்கும். அடிமரம் வேராக அகலும் இடத்தில் மேலே உள்ள மொத்தப் பாரமும், காற்று ஆட்டும் ஆட்டமும் சேர்ந்து நார்களைத் திருகுகின்றன. அங்கே பழுப்பும் கறுப்பும் புகை போலச் சுழலும். மொட்டுகள் வெளிவர முடியாமல் திரண்ட மரக்கழலையில் புள்ளி புள்ளியாகக் கண்கள். சில மரங்களில் நார் முழுவதும் அலையலையாக ஓடும். அந்தப் பலகையைச் சாய்த்துப் பிடித்தால் ஒளிப்பட்டைகள் இடம் மாறும். நார் மேற்பரப்போடு படுத்திருக்கும் இடம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, நார் உள்நோக்கிச் சாயும் இடம் ஒளியை விழுங்குகிறது. பலகையைச் சாய்த்தால் இரண்டும் இடம் மாற்றிக்கொள்கின்றன. பட்டுச் சேலையின் மடிப்பில் நிறம் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நார் எங்கே மேற்பரப்பை விட்டு விலகி உள்ளே போகிறதோ, அங்கே மரம் குறுக்காக ஒடியும். மயிலிறகு ரேகை கழுத்தில் விழுந்தால் ஒரு கன உதையில் கட்டை இரண்டாகும். முன்பக்கம் குழலைத் தாங்கும் பகுதியில் விழுந்தால் பருவத்துக்குப் பருவம் முறுக்கிக்கொண்டு குறியைக் கெடுக்கும். ஆகவே பலகையின் மேல் அட்டை வடிவை வைத்து நகர்த்தி, திருப்பி, மறுபடி நகர்த்தி இடம் பார்ப்பதில் நேரம் போகிறது. முன்பகுதியில் இழை குழலுக்கு இணையாக நேரே ஓட வேண்டும். கழுத்தில் இழை கழுத்தின் சரிவோடு தானும் சரிந்து இறங்க வேண்டும். அதற்குப் பின்னால், கன்னமும் தோளும் படியும் அகலமான அடிக்கட்டையில் மட்டும், மரம் தன் விருப்பப்படி சுழலலாம். இந்த மூன்றும் ஒரே பலகையில் வரிசையாக அமைவது அபூர்வம். விலை முழுவதும் அந்த அபூர்வத்துக்குத்தான்.

ரேகையின் மேல் உள்ள இந்தப் பற்று நேற்று வந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் நீண்ட குழல் ரைஃபிள்களைச் செய்தார்கள். பின்னாளில் கென்டக்கி ரைஃபிள் என்று பேர் பெற்றவை இவை. ஜேக்கப் டிக்கர்ட் போன்றவர்களின் பட்டறைகள் அங்கே இருந்தன. தாய்நாட்டில் வால்நட் பழகியவர்கள், புதிய காட்டில் மேப்பிளைக் கண்டார்கள். அலை இழை ஓடும் மேப்பிள் வெளிறிய மரம். வயலின் செய்பவர்கள் அதைத்தான் முதுகுப் பலகைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் அலைகளை வெளிக்கொணர அந்தத் துப்பாக்கிக் கொல்லர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து, அந்தக் கரைசலை மரத்தில் தடவி, பழுக்கக் காய்ச்சிய இரும்பை மரத்தில் படாமல் அருகே காட்டுவார்கள். சூடு பட்டதும் மரம் செம்பழுப்பாக மாறும். நார் உள்நோக்கிப் போகும் இடம் கரைசலை அதிகம் குடித்திருக்கும், ஆகவே அதிகம் கறுக்கும். வரி வரியாக ஒரு புலித்தோல் எழுந்து வரும்.

நிறம் மரத்தின் மேல் பூசப்படவில்லை. மரத்துக்குள் ஏற்கெனவே இருந்த அமைப்பு தன்னைக் காட்டிக்கொண்டது. இந்த வேறுபாட்டை அந்தக் காலத்து வாங்குவோரும் அறிந்திருந்தார்கள் என்று நம்பக் காரணம் உண்டு. வரி இல்லாத வெற்று மேப்பிள் கட்டைகளில் சாயத்தாலும் சூட்டாலும் பொய் வரி போட்டு விற்றார்கள். பொய் வரி பலகையைச் சாய்க்கும்போது அசையாது. எல்லைக்காட்டில் உணவுக்கும் உயிருக்கும் துப்பாக்கியை நம்பி வாழ்ந்த உழவர்கள் பணக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு விற்பதற்கே பொய் வரி போட வேண்டியிருந்தது என்றால், மெய் வரிக்கு அவர்களிடம் இருந்த மதிப்பு எத்தகையது என்று யோசிக்கலாம். செல்வம் வந்த பிறகு வரும் சுவை இது என்ற கருத்தை இந்த ஒரு சான்றே அசைத்துவிடுகிறது.

படைகளின் வரலாறு வேறு திசையில் போனது. அவற்றுக்கு வேண்டியது எண்ணிக்கை. தாமஸ் பிளான்சார்ட் 1819இல் ஒரு கடைசல் இயந்திரத்தை உருவாக்கி, ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் கட்டை செய்யப் பயன்படுத்தினார். மாதிரிக் கட்டையும் வெட்டாத மரமும் சேர்ந்து சுழலும். மாதிரியின் மேல் ஒரு சக்கரம் தடவிச் செல்ல, அதன் அசைவைப் பின்பற்றி வெட்டுச் சக்கரம் மரத்தைச் சீவும். வட்டமாக மட்டுமே கடைய முடிந்த கடைசலில் வளைவும் நெளிவும் உள்ள வடிவம் பிறந்தது. 1850களில் இங்கிலாந்தே தன் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு அமெரிக்காவிலிருந்து கட்டை இயந்திரங்களை வாங்கியது. இயந்திரத்துக்கு ரேகை பிடிக்காது. நேர் இழைதான் வேண்டும். படைக்கட்டையில் ரேகை தென்பட்டால் அது தற்செயல்.

மரமும் போதவில்லை. 1918இல் அதிபர் வில்சனின் அழைப்பை ஏற்று அமெரிக்கச் சாரணச் சிறுவர்கள் ஊர் ஊராக நடந்து கறுப்பு வால்நட் மரங்களைக் கணக்கெடுத்தார்கள். துப்பாக்கிக் கட்டைக்கும் விமானத்தின் விசிறிக்கும் மரம் தேவைப்பட்டது. 2 கோடி பலகையடிக்கும் மேலான மரத்தை அவர்கள் கண்டு சொன்னார்கள். வீட்டு முற்றத்து மரமும் வயலோர மரமும் அந்தக் கணக்கில் அடங்கும். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை குயின்ஸ்லாந்து மேப்பிளுக்கும், பிறகு கோச்வுட் மரத்துக்கும் போனது. ஜெர்மனி 1930களின் இறுதியில் பீச் தகடுகளைப் பசையிட்டு அடுக்கி மவுசர் ரைஃபிளுக்குக் கட்டை செய்தது. எடை கூடினாலும் அடுக்குக் கட்டை வளையவில்லை, ஆண்டுக்கணக்கில் உலர வைக்கவும் வேண்டியதில்லை. அறிவார்ந்த தீர்வு என்றே அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அதை ஆசையோடு கையில் எடுத்து ஒளியில் சாய்த்துப் பார்ப்பவர் குறைவு.

எதிர்முனையில் லண்டன் இருந்தது. 1814இல் தொடங்கிய பர்டி, 1835இல் தொடங்கிய ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற பட்டறைகளில் கட்டை வேலை ஒரு தனித் தொழில். அவர்கள் பலகையை வாங்கிய உடனே தொட மாட்டார்கள். ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு காற்றில் உலர வேண்டும் என்பது மரக்காரர்களின் பழைய கணக்கு. கட்டைப் பலகையின் கனம் இரண்டரை அங்குலம் என்றால் காத்திருப்பு விளங்கும். செதுக்கி முடித்த பிறகு மரத்தை வேண்டுமென்றே நனைப்பார்கள். நனைத்து உடனே சூட்டில் காட்டினால், அமுங்கிக் கிடந்த நுனி நார்கள் எழுந்து நிற்கும். அவற்றைத் தேய்த்து எடுத்து, மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்து, இனி எழ நார் இல்லை என்ற நிலை வரும் வரை இது நடக்கும். பிற்பாடு மழையில் நனையும்போது மேற்பரப்பு சொரசொரக்காமல் இருப்பதற்காக, பட்டறையிலேயே மழையை முன்கூட்டிக் காட்டிவிடுகிறார்கள்.

அதன் பிறகு ஆளி விதை எண்ணெய். ஆல்கனெட் என்ற செடியின் வேரை அதில் ஊற வைத்தால் எண்ணெய் சிவக்கும். அந்தச் சிவப்புதான் பழைய ஆங்கிலக் கட்டைகளின் அடியாழத்தில் மினுங்குவது. சில துளிகளை உள்ளங்கையில் விட்டுச் சூடு பிறக்கத் தேய்த்து, ஒரு நாளோ அதற்கு மேலோ ஆற விட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகும் இயல்புடையது. அவசரப்படுத்தினால் பிசுபிசுக்கும். வாரக்கணக்கில் இது ஓடும். மரத்தின் மேல் ஒரு தோல் போல நிற்காமல் மரத்துக்குள்ளேயே தங்குவதால், பார்வை மேற்பரப்பில் நின்றுவிடாமல் உள்ளே இறங்குகிறது. இந்த ஆழத்தை வேறு எந்தப் பூச்சிலும் நான் கண்டதில்லை.

கை பிடிக்கும் இடங்களில் கீறும் வைரக்கட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்குலத்துக்கு இருபதுக்கு மேல் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றும் ஒரே ஆழத்தில். வியர்வை வழியும் கை வழுக்காமல் இருப்பதற்காகப் பிறந்தது இது. ஒரு கோடு தவறினால் அடுத்த நூறு கோட்டிலும் அந்தத் தவறு தெரியும். 1964இல் வின்செஸ்டர், 1936இல் தொடங்கிய தன் மாடல் 70 ரைஃபிளின் செலவைக் குறைக்க நினைத்தது. உள் இயக்கத்தை எளிமையாக்கியதோடு, கட்டங்களைக் கீறுவதை விட்டுவிட்டுச் சூட்டு அச்சால் மரத்தில் அழுத்தியது. வைரங்கள் மேலெழுந்து நிற்பதற்குப் பதில் குழிந்து கிடந்தன. துப்பாக்கி சுட்டது, குறியும் தவறவில்லை. ஆனாலும் வாங்குவோர் கொதித்தார்கள். 1964க்கு முந்தையது என்பது அன்றிலிருந்து ஒரு தரப்பெயராகவே நிலைத்துவிட்டது. 1970களில் நிறுவனம் வெட்டிய கட்டங்களுக்குத் திரும்பியது. இயக்கத்தில் செய்த மாற்றத்தைப் பற்றி வல்லுநர்கள் வாதிடலாம். மரத்தில் செய்த மாற்றத்தை யார் வேண்டுமானாலும் விரலால் தடவியே கண்டுகொள்ள முடிந்தது.

எது அழகான கட்டை என்பதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. கலிஃபோர்னியாவில் 1945இல் தொழில் தொடங்கிய ராய் வெதர்பி, கண்ணாடி போல மின்னும் பூச்சு, மேலெழும்பிய கன்னமேடு, வெள்ளைக் கோடு, பதித்த வைர வடிவம் என்று கட்டையை ஒரு காட்சியாகவே ஆக்கினார். அவுட்டோர் லைஃப் இதழில் எழுதிவந்த ஜாக் ஓ'கானர் அடக்கமான மரபுக் கட்டையின் பக்கம் நின்றார். ஸ்போக்கேன் நகரத்தின் ஆல் பீசன் அவருக்காகப் பிரெஞ்சு வால்நட்டில் செதுக்கிய கட்டைகளில் ஒரு கோடுகூட மிகையாக இருக்காது. நான் ஓ'கானர் பக்கம். வெதர்பி கட்டையில் மரம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், என் கண் முதலில் பார்ப்பது பூச்சைத்தான்.

1959இல் ரெமிங்டன் வெளியிட்ட நைலான் 66 இந்த விவாதத்துக்குள் ஓசையில்லாமல் நுழைந்தது. கட்டை முழுவதும் நைலான். டாம் ஃப்ரை என்ற நிறுவன ஊழியர் அதே ஆண்டில் அந்த ரைஃபிளால், காற்றில் எறிந்த 1,00,010 சிறு மரக்கட்டைகளைச் சுட்டு 6 மட்டுமே தவறவிட்டார். பத்து லட்சத்துக்கு மேல் அது விற்றது. அதன் நிறங்களில் முதன்மையானது ஒரு பழுப்பு, நைலானுக்குள் இருண்ட சாயல் கலந்து ஊற்றி, தொலைவிலிருந்து பார்த்தால் வால்நட் என்று தோன்றும்படி செய்தது. நைலானுக்கு எந்த நிறமும் கொடுத்திருக்கலாம். மரத்தை எல்லா வகையிலும் வென்ற பொருள், மரத்தின் முகத்தை இரவல் வாங்கித்தான் கடைக்கு வந்தது.

இந்த மரம் இன்று எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு. கலிஃபோர்னியாவின் வால்நட் தோட்டங்களில் பருப்புக்காக ஆங்கில வால்நட் கிளையை உள்ளூர் கிளாரோ வால்நட் வேரில் ஒட்டுக் கட்டினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துக் காய்ப்பு ஓய்ந்ததும் மரம் விழும். அப்போது அடிமரத்தை வேரோடு தோண்டி எடுத்து அறுத்தால், ஒட்டுக் கட்டிய இடத்தில் இரண்டு மரம் ஒரு பலகைக்குள் சந்திப்பது தெரியும்; கீழே சிவந்த பழுப்பு, மேலே தேன் நிறம். இதே இரு இனங்களும் மகரந்தம் வழியாகக் கலந்ததும் உண்டு. தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பேங்க் அந்தக் கலப்புக்குப் பாரடாக்ஸ் என்று பெயரிட்டார். கட்டைக்காரர்கள் அதை பாஸ்டோன் என்கிறார்கள். கனமான உதை உள்ள ரைஃபிளுக்குத் தேடி வாங்குகிறார்கள். என்றோ ஓர் உழவர் பருப்பை நினைத்துக் கத்தியால் கீறிய ஒட்டு, அவர் அறியாமலே ஒரு ரேகையானது.

கொல்லும் கருவியில் அழகு எதற்கு என்ற கேள்வி என் வீட்டிலேயே எழுந்தது. நியாயமான கேள்வி. 1907இல் சம்பாவத்தின் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட், ஜிம் கார்பெட்டுக்கு ஒரு ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார். வால்நட் கட்டையில் வெள்ளித் தகடு பதித்து அந்தச் செய்தியைப் பொறித்தார்கள். அந்தக் கட்டையை நினைக்கும்போது புலியையும், புலி கொன்ற மக்களையும் நினைக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. அழகு அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுவதில்லை. ஆனால் காட்டிலும் மலையிலும் அலைந்த மரக்கட்டை தன் மேல் நடந்ததையெல்லாம் வைத்துக்கொள்கிறது. கை பட்ட இடம் கறுத்து மினுங்கும், கல் பட்ட இடம் குழியும். பிளாஸ்டிக் கட்டையில் விழுந்த கீறல் கீறலாகவே கிடக்கும். மரத்தில் விழுந்த குழிக்கோ, நார் அறுபடாமல் இருந்தால், ஓர் ஈரத்துணியை மேலே போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் போதும். ஆவி உள்ளே இறங்க, அமுங்கிய நார்கள் ஊதி மேலே வரும். வியட்நாமில் எம்40ஐக் கெடுத்த அதே இயல்புதான் இங்கே குழியை ஆற்றுகிறது. இதை முதன்முதலில் ஒரு பழைய மேசைப் பலகையில் செய்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

பலகை வாங்க வருபவர்கள் இப்போதும் பழைய முறையிலேயே வாங்குகிறார்கள். அறுத்து உலர்ந்த பலகை சாம்பல் படிந்த மாதிரி மங்கிக் கிடக்கும். எது அரிய பலகை, எது சாதாரணப் பலகை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது கடினம். வாங்குபவர் ஒரு துணியை நீரில் நனைத்து அடிக்கட்டை வரப்போகும் பக்கத்தில் ஒரு முறை இழுக்கிறார். துணி போன வழியே கருவரியும் தேன்நிறமும் சுழன்று எழுகின்றன. பலகையைச் சாய்த்து ஒளியை ஓட விடுகிறார், திருப்பி மறுபக்கத்தையும் நனைக்கிறார், கழுத்து வரும் இடத்தில் இழை எப்படிச் சரிகிறது என்று விரலால் தொடர்ந்து போகிறார். அதற்குள் முதல் பக்கம் உலர்ந்து மறுபடி மங்கிவிடுகிறது. பிடித்திருந்தால் பலகையின் முனையில் பென்சிலால் அன்றைய தேதியை எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய் வெயில் படாத அலமாரியில் படுக்க வைக்கிறார்.